நொறுங்கிக் கிடக்கும்போது எப்படி ஜெபிப்பது?

"கவலைப்படாதீங்க, சகலமும் நன்மைக்கு ஏதுவாகத்தான் நடக்கும்" என்று வேதாகமத்தின் ரோமர் 8:28-ஐச் சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். கேட்டுக்கொண்டிருந்தவர் அன்று இரவும் தூங்கியிருக்க மாட்டார். அந்த வசனத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னால் இருப்பதை நாம் விட்டுவிடுகிறோம். 22-ம் வசனத்தில் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது. 23-ல் விசுவாசிகள் தவிக்கிறார்கள். 26-ல் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். இத்தனைக்கும் பிறகுதான் பவுல் 28-ஐ எழுதுகிறார். மனம் உடைந்தவருக்கு அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுவதென்றால் 22-லிருந்து தொடங்குங்கள்.

இந்தப் பதிவு ஒரே ஒரு காரியத்தைப் பற்றியது. உடைவு எல்லாம் ஒரே வகை அல்ல. எந்த வகை என்று பார்க்காமல் ஜெபிக்கிறோம், ஆலோசனை சொல்கிறோம். அதனால்தான் பலருக்கு ஆறுதல் எட்டுவதில்லை, சிலருக்குக் காயம் இன்னும் ஆழமாகிவிடுகிறது.

முதலில் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். மனதை அழுத்துவதை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். வரி சின்னதாக இருக்கட்டும், விளக்கம் வேண்டாம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியின் வினைச்சொல்லைப் பாருங்கள். "நான் செய்தேன்" என்று முடிகிறதா? "எனக்குச் செய்தார்கள்" என்று முடிகிறதா? இல்லை, "நடந்துவிட்டது" என்றா? மணவாழ்க்கை முறிந்த ஒருவர் எழுதினால் இப்படி வரலாம்: "என்னை அடித்தார்." "அந்தக் கோபத்தைப் பிள்ளைகள்மேல் காட்டினேன்." "ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை." ஒரே துயரம்தான், ஆனால் மூன்று வரிக்கும் மூன்று விதமான ஜெபம் வேண்டும். முதல் வரிக்கு மனந்திரும்பச் சொன்னால் அது அநியாயம். இரண்டாவது வரிக்கு "நீங்க பாவம், உங்கமேல ஒரு தப்பும் இல்ல" என்றால் அது பொய். மூன்றாவது வரிக்கு ஜெபத்தோடு ஒரு மருத்துவரும் வேண்டும்.

"நான் செய்தேன்" என்று முடிகிற வரிகளுக்கு சங்கீதம் 51. பிறன் மனைவி பத்சேபாளோடு பாவஞ்செய்ததற்காக நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தபின் தாவீது ராஜா ஜெபித்தது. மொத்தம் 19 வசனங்கள். தாவீது தன் நற்காரியம் எதையும் பட்டியல் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். "உமது கிருபையின்படி" என்றுதான் தொடங்குகிறார். 10-ம் வசனத்தில், இருக்கிற இருதயத்தைப் பழுதுபார்த்துத் தரும்படி கேட்காமல், "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்கிறார். 17-ம் வசனத்தில்தான் நமக்கு மிகவும் தெரிந்த வரி வருகிறது: "தேவனுக்கேற்கும் பலிகள் நொறுங்குண்ட ஆவிதான்."

இங்கே அதிகம் நடக்கும் தவறு, பொதுவாக அறிக்கையிடுவது. "ஆண்டவரே, நான் பெரும் பாவி" என்பது தாழ்மையாகத் தெரியும், ஆனால் அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். யாரிடம், எதை, எப்போது செய்தேன் என்று சொல்லுங்கள். பொய் என்றால் என்ன பொய், பணம் என்றால் எவ்வளவு. திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் அதுவும் ஜெபத்தின் பகுதிதான். வரி வசூலித்த சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று அளவோடு சொன்னான்.

இன்னொரு தவறு, தன்னைத்தானே தண்டித்துக்கொண்டே இருப்பது. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். இருவரும் வேதனைப்பட்டார்கள், யூதாஸ் அறிக்கைகூட இட்டான்: "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்." ஆனால் அவன் போய்ச் சொன்னது பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." மத்தேயு 27:4-ல் இருக்கும் இந்தப் பதிலைவிடக் கொடிய வார்த்தை சுவிசேஷங்களில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். உடைந்த ஒருவன் யாரிடம் போகிறான் என்பது அவ்வளவு முக்கியம். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. அதற்காகக் கிடைத்தவரிடமெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. மற்றவர்களுடைய விஷயங்களை உங்களிடம் "ஜெபக்குறிப்பு" என்று சொல்லுகிறவர், நாளை உங்களுடையதையும் அப்படித்தான் எடுத்துப் போவார். தன் பலவீனத்தை மறைக்காமல் பேசுகிறவர், கேட்டதும் அதிர்ச்சியைக் காட்டாதவர், அடுத்த வாரம் ஞாபகமாக விசாரிப்பவர், அப்படி ஒருவர் போதும்.

நிஜமான உணர்த்துதலையும் வெறும் குற்றஞ்சாட்டுதலையும் பிரித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஆவியானவர் உணர்த்தும்போது காரியம் குறிப்பாக இருக்கும்: இன்னாரிடம் போ, இதைச் சரிசெய். அடுத்து வைக்கவேண்டிய அடியும் தெரியும். "நீ ஒன்றுக்கும் உதவாதவன், உன்னால் எல்லாருக்கும் பாரம்" என்கிற குரலில் இரண்டுமே இருக்காது. பவுல் இதையே தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று 2 கொரிந்தியர் 7:10-ல் பிரிக்கிறார். முன்னது மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும், பின்னது மரணத்தை உண்டாக்கும். ஏற்கெனவே அறிக்கையிட்டு, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்தபின் அதே பாவம் நினைவுக்கு வந்து குத்தினால், மறுபடி முதலிலிருந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டு வாசித்து, "மன்னித்ததற்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.

"எனக்குச் செய்தார்கள்" என்கிற வரிகள் வேறு. இந்த இடத்தில்தான் சபைகள் மிக அதிகமாகச் சறுக்குகின்றன என்று நினைக்கிறேன். 2 சாமுவேல் 13-ல் தாமாரை அம்னோன் பலாத்காரம் செய்த கொடுமைக்குப்பின் அவளுடைய கூடப்பிறந்த அப்சலோம் சொன்னதைப் பாருங்கள்: "நீ மவுனமாயிரு, அவன் உன்னுடைய சகோதரன், இந்தக் காரியத்தை உன் மனதிலே வைக்காதே." தகப்பனாகிய தாவீது கேள்விப்பட்டு வெகு கோபங்கொண்டார், ஆனால் அவர் ஒன்றும் செய்ததாக வேதம் சொல்லவில்லை. தாமார் அப்சலோமின் வீட்டில் தனித்துக் கிலேசப்பட்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொன்றான், பிற்பாடு தகப்பனுக்கு எதிராகவே எழும்பினான். குடும்ப மானத்துக்காக மூடிவைத்தது ஒரு ராஜ்யத்தையே கிழித்தது. வேதம் அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது என்பதே பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு ஆறுதல்.

ஆகவே இந்த வரிகளுக்கு சங்கீதம் 51-ஐ எடுக்காதீர்கள். சங்கீதம் 55-ஐ எடுங்கள். நம்பியவன் செய்த துரோகத்தைப் பற்றியது அது. "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று 12-ம் வசனத்தில் தாவீது குமுறுகிறார். அடுத்த வசனத்தில் "நீயே அவன்" என்று நேருக்கு நேர் சொல்லுகிறார். கோபம் ஜெபத்துக்குள் வர அனுமதி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மன்னிப்பைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழிவாங்குவதைத் தேவனுடைய கையில் விட்டுவிடுவதுதான் மன்னிப்பு என்று ரோமர் 12:19-லிருந்து புரிந்துகொள்ளலாம். நடந்தது தவறே இல்லை என்று சொல்லுவது மன்னிப்பு ஆகாது. அடிக்கிறவரோடு அதே வீட்டில் போய் இருப்பதும் மன்னிப்பின் நிபந்தனை அல்ல. அடுத்த அதிகாரத்திலேயே, தீமை செய்கிறவனுக்கு எதிராக அதிகாரம் தேவனால் வைக்கப்பட்டிருக்கிறது என்று பவுல் எழுதுகிறார். சட்டத்தின் உதவியை நாடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், ரோமர் 13:4-ஐக் காட்டுங்கள். நம்பிக்கை மறுபடி வளர்வதற்குக் காலமும், எதிர்ப்பக்கத்தில் உண்மையான மாற்றமும் வேண்டும். மன்னித்த மறுநாளே அது வந்துவிடாது, வரவில்லை என்பதற்காக மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது.

"நடந்துவிட்டது" என்று முடிகிற வரிகள்: நோய், மரணம், வேலை இழப்பு, மனச்சோர்வு. இவற்றுக்கு "யார் செய்த பாவம்?" என்று காரணம் தேடுவதுதான் பெரிய பொறி. யோவான் 9-ல் பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் அப்படித்தான் கேட்டார்கள், இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்.

1 இராஜாக்கள் 19-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் அனுப்பியது பிரசங்கம் அல்ல. தழலில் சுட்ட ஒரு அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுக் குடித்து மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் திரும்ப வந்து இரண்டாம் முறையும் சாப்பிடச் சொன்னான், பிரயாணம் வெகுதூரம் என்றான். உறக்கம், உணவு, மறுபடி உறக்கம், மறுபடி உணவு, பிறகு நாற்பது நாள் நடை. அதற்கெல்லாம் பின்புதான் ஓரேப் மலையில் கர்த்தரோடு உரையாடல். அங்கேயும் கர்த்தர் "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று இரண்டு முறை கேட்கிறார், எலியா இரண்டு முறையும் அதே புலம்பலைக் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் சொல்லுகிறார். கர்த்தர் எரிச்சலடையவில்லை. ஒருவர் தன் துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் "அதான் போன வாரமே சொன்னீங்களே" என்கிறோமே, நாம் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கடைசியில் மூன்று பேரை அபிஷேகம்பண்ணும் வேலையும், பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முடங்காத 7000 பேர் உண்டு என்ற செய்தியும் வருகிறது. தான் ஒருவன்தான் மீதி என்று அவர் நினைத்தது சரியல்ல, ஆனால் அந்தத் திருத்தம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பின்னால்தான் வந்தது.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்குமேல் விடாமல் இருந்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், மருத்துவரைப் பாருங்கள். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர்தான். கொலோசெயர் 4:14 அவரைப் "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கிறது. உபவாசக் கூட்டத்தில் உணர்ச்சி மேலிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா குறைப்பதா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை ஜெபத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், அன்றே ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். விசுவாசம் இருந்தால் சோர்வு வராது என்பதும் உண்மையல்ல. 1856-ல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் பிரசங்கித்த ஒரு பெரிய அரங்கில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. ஆயிரக்கணக்கானோரைத் தேற்றிய அந்தப் போதகர் அதற்குப்பின் வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வோடு போராடினார், அதை மறைக்காமல் பேசினார்.

மூன்று வகைக்கும் பொதுவான ஒரு ஜெப வடிவம் இருக்கிறது. அது புலம்பல். கற்றுக்கொள்ள சங்கீதம் 13 போதும், ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 3, 4-ல் வேண்டுதல். 5, 6-ல் நம்பிக்கை. இதையே அச்சாக வைத்து உங்களுடையதை எழுதலாம், கால்மணி நேரம் ஆகும். முதலில் கூப்பிடுங்கள்: "கர்த்தாவே." பிறகு முறையீடு, குறைந்தது நான்கு வரி, ஒவ்வொன்றும் அந்தக் காகிதத்தில் எழுதியதிலிருந்து. அடுத்து வேண்டுதல், இன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள். "என் வாழ்க்கையை மாற்றும்" என்பதைவிட "நாளை அந்தக் கூட்டத்தில் பேச பெலன் தாரும்" என்பது நல்லது, ஏனென்றால் பதில் வந்ததா என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் நம்பிக்கை, ஒரு வரி போதும். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள், மனதுக்குள் மட்டும் வாசித்தால் எண்ணம் ஓடிவிடும்.

எங்கே பிசகும் என்றால், பெரும்பாலும் 5-ம் வசனத்துக்குத் தாவிவிடுவோம். துக்கத்தைச் சொல்லாமல் துதிக்கு ஓடுகிறவர்கள் கொஞ்ச நாளில் ஜெபிப்பதையே விட்டுவிடுகிறார்கள், உள்ளே இருப்பதும் வாய் சொல்வதும் வேறாகிப் போவதால். எதிர்ப்பக்கத்தில் "கர்த்தாவே" என்று கூப்பிடாமலே முறையிடுகிறவர்கள் உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததும் தாவீது முறையிட்டதும் வார்த்தையில் பெரிதாக வேறுபடாது. இஸ்ரவேலர் தேவனைப்பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், தாவீது தேவனிடமே பேசினார்.

5-ம் வசனம் வாயில் வரவே மாட்டேன் என்கிற நாட்களுக்கு சங்கீதம் 88 இருக்கிறது. எஸ்ராகியனாகிய ஏமானுடையது. 18 வசனங்கள், கடைசிவரை விடியல் கிடையாது, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிகிறது. ஆனாலும் அது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. அப்படி ஒரு ஜெபத்தை வேதம் ஜெபமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. புலம்பல் புத்தகத்தில், காலைதோறும் புதிதாகும் இரக்கங்களைச் சொல்லும் வசனங்கள் மூன்றாம் அதிகாரத்தில், புத்தகத்தின் நடுவில் இருக்கின்றன. அதற்குப் பின்னும் இரண்டு அதிகாரம் அழுகை தொடர்கிறது. நம்பிக்கை வந்தபின் மறுபடி அழுதால் பின்வாங்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டியதில்லை. சிலுவையில் ஆண்டவரே சங்கீதம் 22-ன் முதல் வரியைக் கூப்பிட்டார். "நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்பதும் அதே சங்கீதத்தில்தான் வருகிறது. தன்னை ஒன்றுக்கும் உதவாதவனாக உணரும் இடத்துக்கும் அவர் இறங்கி வந்திருக்கிறார்.

அப்படியானால் நம் மதிப்பு எங்கே இருக்கிறது? "நீ விசேஷமானவன், உன்னால் முடியும்" என்று தட்டிக்கொடுப்பது இரண்டு நாள் தாங்கும். வேதம் சொல்லும் மதிப்பு உணர்வில் இல்லை. வீழ்ச்சிக்கும் ஜலப்பிரளயத்துக்கும் பிறகுகூட மனிதன் தேவசாயல் என்று ஆதியாகமம் 9:6 சொல்லுகிறது. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்லுகிறது. விலை கொடுக்கப்பட்ட நேரத்தைக் கவனியுங்கள். நாம் சரியானபின் கொடுக்கப்பட்டது அல்ல அது. எனவே "கொஞ்சம் சரியானதும் சபைக்கு வருகிறேன்" என்பதில் வரிசையே தலைகீழ்.

லூக்கா 15-ல் இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய் ஆஸ்தியை அழித்த இளையகுமாரன் பன்றிகளின் நடுவே ஒரு பேச்சைத் தயார்செய்தான். பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் எனப்படப் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். 18, 19-ம் வசனங்களில் மூன்றும் இருக்கின்றன. 21-ம் வசனத்தில் அவன் தகப்பனிடம் பேசும்போது முதல் இரண்டுதான் வருகின்றன. கூலிக்காரன் என்ற மூன்றாவது பேச்சு வருவதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சைகளையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நம்மில் பலர் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டும் அந்த மூன்றாவது வாக்கியத்தின்படியே வாழ்ந்துகொண்டிருக்கிறோம். சேவை செய்து கணக்கைத் தீர்த்துவிடப் பார்க்கிறோம். ஊழியத்தில் களைத்து விழுகிற பலருக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது.

உடைந்தவருக்கு வேலையே கூடாது என்பதல்ல. தம்மை மறுதலித்த பேதுருவிடம் உயிர்த்தெழுந்த ஆண்டவர் முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். மறுதலித்த இரவில் இருந்ததுபோலவே அங்கேயும் கரிநெருப்பு இருந்தது. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பின் ஆடுகளைப் பொறுப்பாகக் கொடுத்தார். ஆனால் சபை செய்வது வேறு: சுகமான ஆளை அடுத்த வாரமே மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கிறது. ஆறாத காயத்தைக் கூட்டத்துக்கு முன் திறக்க வேண்டாம், மறுத்துவிட உங்களுக்கு உரிமை உண்டு. தன் மாம்சத்தில் இருந்த "முள்" என்று அவர் சொல்லும் வேதனை நீங்காமலே பவுல் எழுதினார். மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் அப்படியே இருந்தது, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அதுவும் சாட்சிதான்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளையும் ஆஸ்தியையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். பேசத் தொடங்கியபின்தான் கெட்டது. போகும்போது சாப்பாடு எடுத்துப் போங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று விட்டுவிடாமல், "வியாழக்கிழமை பிள்ளைகளை நான் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறேன்" என்று ஒரு காரியத்தைச் சொல்லிச் செய்யுங்கள். ஜெபிக்கக் கேட்டால் சங்கீதம் 13-ஐ மெதுவாக வாசியுங்கள். 4-ம் வசனம் முடிந்ததும் நிறுத்திக் காத்திருங்கள், அழுகை வந்தால் வரட்டும். 5-ம் வசனத்தை அவரைச் சொல்லவைக்க வேண்டாம். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நான்குபேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதியிருக்கிறது. அதுபோல, உடைந்தவரால் சொல்ல முடியாத அந்த 5-ம் வசனத்தை அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். அடுத்த வாரமும் போங்கள், மறுபடி 1-ம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.